இருநூறில் ஒன்று, உருக்கினால் என்ன தேறும்?

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு எந்தப் பொருள் வந்தாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உருக்கினா என்ன தேறும்?" பழைய கொலுசு, காமாட்சி விளக்கு, யாரோ கல்யாணத்துக்கு வைத்துக்கொடுத்த வெள்ளித் தட்டு, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. 2023 நவம்பரில் நான் ஓசூரிலிருந்து ஓட்டி வந்து பட்டறை வாசலில் நிறுத்திய வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சிவப்புச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அதையே கேட்டார்.

வண்டி, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 165 ஆர்.பி. ஆர்.பி. என்றால் ரேஸ் பெர்ஃபார்மன்ஸ். 2021 டிசம்பரில் வெளிவந்தது. மொத்தமே 200 வண்டிகள்.

எனக்கு இந்தக் கம்பெனி வண்டிமேல் ஆசை வந்ததற்குக் காரணம் மாமாவின் ஷோகன். டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் சேர்ந்திருந்த காலத்து டூ ஸ்ட்ரோக். மாமா நாலு ரோட்டில் திரும்பும்போதே எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும் என்று அம்மா சொல்வாள். கொஞ்சம் மிகைதான், ஆனால் நானும் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி 1982லேயே பந்தயத்துக்கென்று தனியாக ஓர் அணி வைத்துவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். பத்து வயதில் தெரிந்தது அந்தச் சத்தமும், பின்னால் உட்கார்ந்தால் சட்டையில் ஏறிக்கொள்ளும் எண்ணெய் வாடையும் மட்டும்.

இருநூறு வண்டி என்று செய்தி வந்தபோது எனக்குக் கை ஊறியது. டெல்லி ஷோரூம் விலை ஒரு லட்சத்து 45 ஆயிரம். சாதாரண அப்பாச்சி 160ஐவிட 20 ஆயிரத்துக்கு மேல் கூட. கொரோனாவுக்குப் பிறகு பட்டறை அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தது, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற ஆட்களில் இரண்டு பேர் இன்னும் திரும்பி வரவில்லை. "ஏங்க, இருக்கற வண்டிக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். நான் நாலு நாள் யோசித்தேன். இருநூறு என்பது நாலு நாள் யோசிக்கிற எண்ணிக்கை இல்லை.

லிமிடெட் எடிஷன் என்ற வார்த்தைமேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எங்கள் தொழிலில் தீபாவளிக்குத் தீபாவளி "புது டிசைன்" வரும். பாதி நேரம் அதே கொலுசுதான், மெருகை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் சலங்கையில் ஒரு முத்தைக் கூட்டியிருப்பார்கள். அச்சு மாறியிருக்கிறதா, மெருகு மட்டும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கொலுசுக்காரனின் வேலை. வண்டிகளிலும் பெரும்பாலான லிமிடெட் எடிஷன்கள் ஸ்டிக்கர்தான். டேங்கில் ஒரு கோடு, சீட்டில் ஒரு சிவப்புத் தையல், முடிந்தது.

இதில் அச்சே மாறியிருக்கிறது, அதனால்தான் விட மனசில்லை. சாதாரண 160இன் இன்ஜின் 159.7 சி.சி.; இது 164.9. ஐந்து சி.சி.க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். ஆனால் ஐந்து சி.சி.யைக் கூட்டிய விதம்தான் விஷயம். சிலிண்டர் துளையை அகலமாக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் குறைத்திருக்கிறார்கள். துளையின் அகலம் அந்தத் தூரத்தைப்போல 1.37 மடங்கு. பட்டறைக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஓங்கி ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு, சின்ன வீச்சில் படபடவென்று தட்டுவது. வீச்சு குறைந்தால் வேகம் கூடும். துளை அகலமானதால் மேலே பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைத்தது. அந்த வால்வுகளைத் திறக்கும் கேம், பிஸ்டன் எல்லாம் வேறு. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 19.2 குதிரைத்திறன், 8,750 சுற்றில் 14.2 நியூட்டன் மீட்டர் இழுவை. பின் சக்கரத்தில் 240 மில்லிமீட்டர் டிஸ்க். செயினுக்குப் பித்தளைப் பூச்சு.

அந்தச் செயினைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இரண்டு வருடம் பழைய வண்டி விளம்பரங்களை மேய்ந்தேன். ஒருமுறை கோயம்புத்தூரில் ஒன்று வந்தது, போன் போடுவதற்குள் போய்விட்டது. அப்புறம் ஓசூரில் ஒன்று. வைத்திருந்தவர் ஒரு இளைஞர், என்ஜினியர், வெளிநாடு போகிறார். 6,140 கி.மீ. ஓடியிருந்தது. கேட்ட விலை 1.75 லட்சம். வண்டி செய்த ஊரிலேயே அதைப் பழசாக வாங்கப் போகிறேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறி ஒன்பது மணிக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

முதல் வேலையாக இன்ஜினில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தால் நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. நல்ல மனுஷன். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சாதாரண 160க்கு ஸ்டிக்கர் ஒட்டிச் சக்கரத்துக்குச் சிவப்பு அடித்து ஆர்.பி. என்று தலையில் கட்ட ஒரு சாயங்காலம் போதும், அதனால் ஸ்டிக்கரின் ஓரங்களையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் பட்டறையிலிருந்து கொண்டுபோன லென்ஸை வைத்துப் பார்த்தேன். அவர் அம்மா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

ஒரு குறை கண்ணில் பட்டது. செயின் கறுப்பாக இருந்தது.

"அண்ணா, அது நான் மாத்தினது. ஒரிஜினல் உள்ள இருக்கு" என்று போய், பால் கவர் மாதிரி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே எண்ணெயில் ஊறிய பித்தளை நிறச் செயின். மழையிலும் மண்ணிலும் ஓட்டினால் பூச்சு தேய்ந்துவிடும் என்று மூவாயிரம் கிலோமீட்டரிலேயே கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டாராம். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் பேரம் பேசும் வேகம் எனக்குப் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியில் 1.56க்கு முடித்தேன்.

லோன் இல்லாத வண்டி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். லோன் இருந்திருந்தால் 35ம் சேர்ந்திருக்கும். ஒரே மாநிலம் என்பதால் நம்பர் மாறவில்லை. டி.என். 70 பார்த்துவிட்டு இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் "ஓசூரா?" என்பார்கள். "வண்டி ஓசூர், நான் சேலம்" என்பேன். கிருஷ்ணகிரி, தருமபுரி வரை சந்தோஷமாக ஓட்டிவந்தவன் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் பெட்டிப்பாம்பாக அடங்கி, பின் டிஸ்க்கை நன்றாகப் பழகிக்கொண்டேன்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உருக்கினால் என்ன தேறும் என்பதற்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் ஓர் அட்டவணையே இருக்கிறது. வண்டிக்கு ஒரு வயது தாண்டினால் விலையில் 20 சதவீதம் கழிவு, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நாலு தாண்டினால் 50. இருநூறில் ஒன்று என்று அந்த அட்டவணையிடம் சொல்லிப் பயனில்லை. அதற்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். நாளைக்கே திருடு போனால் எனக்குக் கிடைப்பது 1.56 இல்லை, அந்தக் கழிவு போக மிச்சம். அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பழைய கொலுசுக்கு நாம செய்கூலி திருப்பித் தர்றோமா?" என்றார். தருவதில்லை.

நண்பர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "துணி போட்டு மூடி வை, பத்து வருஷத்தில் நாலு மடங்கு" என்கிறது. அவர்களில் ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றை வரவேற்பறையில் நிறுத்தியிருக்கிறார், டேங்கில் பெட்ரோல் கிடையாது. நான் போகும்போதெல்லாம் அதன் சீட்டில் துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறது. இன்னொரு கட்சி, "165 சி.சி.க்கு இந்த விலையா? இன்னும் கொஞ்சம் போட்டால் 200 சி.சி.யே வாங்கியிருக்கலாமே" என்கிறது. அதுவும் சரிதான். ஊருக்குள் ஓட்டும்போது எனக்கே தோன்றும். ஐந்து ரோடு சிக்னலில் இந்த இன்ஜின் ஒரு சோம்பேறி. பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரில் அக்கா ஒருவர் காய்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போவார். கீழ்ச் சுற்றுகளில் இழுவை கிடையாது. அது கேட்பது வேறு.

அது கேட்பது ஏற்காடு. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அஸ்தம்பட்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு, கோரிமேடு, அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கும். நேர்த்தடத்தில் இரண்டாவது கியரைப் பிடித்து வைத்தால் ஏழாயிரத்துக்குமேல் இன்ஜினின் குரலே மாறும். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது வாயைத் திறந்து பேசும். அடுத்த வளைவு வந்துவிடும், எல்லாம் பத்து நொடிதான். அந்தப் பத்து நொடிக்காகத்தான் அவ்வளவு பணம். மேலே ஏற ஏறக் காற்றில் குளிர் ஏறும், கைப்பிடிச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதுபோலப் பார்க்கும். ஏரிக்கரையில் ஒரு காபி, இறக்கம், வீட்டில் இட்லி. எட்டரைக்குப் பட்டறை.

கீழே போட்டதையும் சொல்லிவிட வேண்டும். போன ஐப்பசி மழையில், சேர்வராயன் கோயில் பக்கம் பனியைப் போட்டோ எடுக்கலாம் என்று சாலையோரம் நிறுத்தினேன். ஈர மண். நான் பத்தடி போவதற்குள் சைடு ஸ்டாண்டு மெதுவாக மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது வண்டி எருமை படுப்பதுபோல நிதானமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஓடினேன், பிடிக்க முடியவில்லை. கிளட்ச் லீவர் முனை வளைந்தது, டேங்கின் இடப்பக்க ஸ்டிக்கரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இனிமேல் ஒரு பலகைத் துண்டு பையில் இல்லாமல் நான் மலை ஏறுவதில்லை.

ஸ்டிக்கர் ஒட்டும் தம்பி ஒருவன் அச்சு அசலாக வெட்டித் தருகிறேன் என்றான், எண்ணூறு ரூபாய். நான் வேண்டாம் என்றேன். புதுசாக ஒட்டினால் நான் லென்ஸ் வைத்துப் பார்த்ததுபோல இன்னொருவன் வந்து கண்டுபிடிப்பான். அப்பா கீறலைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "சேதாரம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பித்தளைச் செயின் இப்போது பட்டறை லாக்கரில், வெள்ளிக் கட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் புதுசாகச் சேர்ந்த பையன் அதைத் தராசில் வைத்துவிட்டு, "அண்ணா, ஒன்றரைக் கிலோ கிட்ட வருது, யானைக்குக் கொலுசா?" என்றான். பட்டறையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார் என்பதுதான் எனக்குச் செய்தி.

அதற்கு அடுத்த ஞாயிறு அவராகவே, "கோயில் வரைக்கும் நானும் வரேன்டா" என்றார். எழுபத்தொரு வயது. பின்சீட் என்பது இந்த வண்டியில் ஒரு சம்பிரதாயம்தான், ஒரு பலகை அளவு. ஏறி உட்கார்ந்து என் தோளை இரண்டு கையாலும் பிடித்தவர், அஸ்தம்பட்டி தாண்டியதும் ஒருமுறை முதுகில் தட்டினார். கோரிமேட்டில் இரண்டாவது முறை தட்டியபோது நிறுத்தினேன். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார், முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "செஞ்சவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா உக்கார இடம் வைக்கல" என்றார். பின்னாலேயே ஏற்காடு பஸ் வந்தது. கை காட்டி ஏறிவிட்டார்.

தாண்டிப் போக மனசு வரவில்லை. இருபது வளைவும் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக, மூவாயிரம் சுற்றில், புகையைக் குடித்துக்கொண்டு ஏறினேன். கடைசி ஜன்னலில் அப்பா. ஒவ்வொரு வளைவிலும் கையை வெளியே நீட்டி, மெதுவா மெதுவா என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டே வந்தார்.