ஒரே குப்பியில் இரண்டு பெப்டைடு: நான் பட்ட பாடு

குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘பிபிசி-157, டிபி-500, தலா 10 மி.கி.’ என்று, இரண்டு பெப்டைடுகளின் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளின்) பெயரும் எடையும் மட்டுமே அச்சாகியிருந்தன. அந்த ஒற்றை வரியை நம்பியதால் மூன்று மாத வேலையை இழந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், எல்929 என்னும் சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களைத் தட்டில் வளர்த்து, நடுவே ஒரு கீறல் போட்டு, அந்த இடைவெளி எத்தனை மணி நேரத்தில் மூடுகிறது என்று பார்ப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. செல்கள் புனேயிலிருந்து சிக்கலின்றி வந்து சேர்ந்தன. கீறல் மூட உதவுமா என்று சோதிக்க வாங்கிய பெப்டைடுதான் படுத்தி எடுத்தது.

மூன்று கொட்டேஷன் வாங்கினேன். இரண்டு பேர் பெப்டைடுகளைத் தனித்தனியாகத் தருவதாகவும், மூன்றாமவர் இரண்டையும் கலந்து ஒரே குப்பியில் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். கலவைதான் விலை குறைவு. தனித்தனியாக வாங்குவதே நல்லது என்று நெறியாளர் சொன்னபோதும், அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் அண்ணாச்சி அசையவில்லை. “எல் ஒன்னை விட்டுட்டு எல் டூவுக்கு ஆர்டர் போட்டா ஆடிட்ல நான்லா பதில் சொல்லணும் தம்பி” என்றார். எல் ஒன் என்றால் மிகக் குறைந்த விலை கேட்டவர், எல் டூ அவருக்கு அடுத்தவர். கலவையும் தனிப் பொருளும் ஒரே ஒப்பீட்டுப் பட்டியலில் வரவே கூடாது என்று அன்றைக்கே எழுத்தில் வாதாடியிருக்க வேண்டும், நான் வாதாடவில்லை.

அதோடு முடியவில்லை. பொருளின் பெயரைத் தம் கைப்பேசியில் தட்டிப் பார்த்தவர், “இது ஜிம்முக்குப் போற பயலுவ போடுத ஊசில்லா?” என்று கோப்பைத் திருப்பி வைத்துவிட்டார். அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. பிபிசி-157 அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2022-இல். மனிதர்க்கோ விலங்குக்கோ செலுத்த மாட்டோம், தட்டில் வளரும் செல்களுக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று உறுதிமொழிக் கடிதம் எழுதி, நெறியாளரிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. அதற்குள் பதினொரு நாள் போய்விட்டது. இந்தக் கடிதத்தைக் கேட்பதற்கு முன்பே இண்டென்டுடன் (கொள்முதல் கோரிக்கைப் படிவத்துடன்) இணைத்துவிடுங்கள்.

பொட்டலம் வண்ணார்பேட்டைக்கு வந்தது கத்திரி வெயிலில், ஒரு சனிக்கிழமை மாலை. நான் போய்ச் சேர்வதற்குள் கூரியர் அலுவலகத்தை அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி போய் வாங்கியபோது ஐஸ் பேக் வெந்நீர்ப் பையாக இருந்தது. எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நான் கலங்கி நிற்க, உறைய வைத்து உலர்த்திய தூள் இரண்டு நாள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும், கரைத்த பிறகுதான் அதற்கு ஆயுள் குறைவு என்று நெறியாளர் தேற்றினார். அவர் சொன்னது சரி. நான் பயந்த இடத்தில் ஆபத்து இல்லை.

கரைப்பதற்கென்று இலவசமாக ஒரு குப்பி நீரும் அனுப்பியிருந்தார்கள். மூத்த ஆய்வாளர் ஒருவர் அதன் சீட்டைப் படித்துவிட்டு என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்: அதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருந்தது. கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது செல்லையும் சேர்த்தே பதம் பார்க்கும். ஆகவே வெறும் ஸ்டெரைல் நீரில் கரைத்தேன்.

இனி முக்கியமான கதை. டிபி-500 என்ற பெயரில் சிலர் 43 அமினோ அமிலங்கள் கொண்ட தைமோசின் பீட்டா-4 முழுவதையும் விற்கிறார்கள். சிலர் அதிலிருந்து எடுத்த ஏழே அமினோ அமிலத் துண்டை விற்கிறார்கள். முன்னதன் மூலக்கூறு எடை 4963, பின்னதன் எடை 889. எனக்கு வந்த பகுப்பாய்வுச் சான்று ஒரே பக்கம்; ‘தூய்மை 99 சதவீதம்’ என்பதைத் தவிர அமினோ அமில வரிசையும் இல்லை, வரைபடமும் இல்லை. முழுப் புரதம் என்று நானாக எண்ணிக்கொண்டு, 10 மி.கி.யை 2 மி.லி. நீரில் கரைத்து, குறிப்பேட்டில் 1 மில்லிமோலார் (எடையை அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் செறிவு) என்று எழுதினேன். முடிவுகள் ஒரு தட்டுக்கு ஒரு தட்டு முரண்டு பிடித்தபோதுதான் ஐயம் வந்தது. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டால், “டிபி-500 என்றால் டிபி-500தான் சார்” என்கிறார்.

கடைசியில் ஒரு சிறு மாதிரியை நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டுபோய், மூலக்கூறு எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் சோதனைக்குக் கொடுத்தேன். வரைபடத்தில் 889-ஐ ஒட்டி ஒரு முகடு நிமிர்ந்து நின்றது. 4963-க்கு உரிய முகடுகளில் ஒன்றுகூட இல்லை. நான் 1 என்று எழுதியது கிட்டத்தட்ட 5.6.

அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. 99 சதவீதத் தூய்மை என்பதில் உப்பும் ஈரமும் கணக்கில் வராது, 10 மி.கி. தூளில் அசல் பெப்டைடு 8 மி.கி.யோ அதற்கும் குறைவோ இருப்பது சாதாரணம். தனிக் குப்பியாக இருந்தால் அந்த விகிதத்தைக் கேட்டு வாங்கி எடையைத் திருத்தலாம். கலவையில் எதன் பங்கு எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? அது தெரிந்தாலும், காயத்தை மூடியது இரண்டில் எது என்ற கேள்விக்கு ஒரு குப்பி பதில் தராது. திறந்த குப்பியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள்.

இம்முறை இண்டென்டிலேயே இரண்டையும் இரண்டு பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அமினோ அமில வரிசை, மூலக்கூறு எடை, அசிட்டேட் உப்பாக வேண்டும் என்ற குறிப்பு, நிகர பெப்டைடு அளவு (தூளில் அசல் பெப்டைடின் பங்கு), தூய்மையைக் காட்டும் ஹெச்பிஎல்சி வரைபடம், மாஸ் ஸ்பெக் வரைபடம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கலவைக்காரரால் அந்தப் பட்டியலுக்குள் நுழையவே முடியவில்லை. அண்ணாச்சி மட்டும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருள் விவரம் எழுத இரண்டு வரிதான் இடம் இருக்கிறது என்று முறையிட்டார். பிறகு அவரே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே முத்திரையும் குத்தி அனுப்பி வைத்தார்.