மேசைக்கும் எனக்கும் நடுவில்

செப்டம்பர் 8, திங்கள்

23 சென்டிமீட்டர். அம்மாவின் தையல் நாடாவை வைத்து மூன்று முறை அளந்தாகிவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால், என் வயிற்றிலிருந்து சாப்பாட்டு மேசையின் விளிம்பு வரை 23.

செப்டம்பர் 9, செவ்வாய்

கரண்டியில் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது. கையால் பிசைந்து சாப்பிட்டால் தெரியும். இன்று சாம்பார் விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரை இறங்கி, கடைசியில் கைத்தாங்கியின் கறுப்பு மெத்தைத் தையலில் போய் நின்றது. அம்மா ஈரத்துணியோடு வந்தார். "தட்ட மடியில வெச்சுக்கயேம்மா" என்றார். மாட்டேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பிறகு இருவரும் பேசாமல் சாப்பிட்டோம்.

பழைய தள்ளு நாற்காலியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கைத்தாங்கிகளையும் உருவிச் சுவரோரம் சாய்த்துவிட்டு மேசையோடு ஒட்டிக்கொள்வேன். பதினோரு வருடம் அப்படித்தான். இப்போது தோள் தள்ள மறுக்கிறது. புது மோட்டார் நாற்காலி என்னைத் தனியாகப் புளோக்குக்குக் கீழே கொண்டுபோகிறது, எம்ஆர்டி ரயிலில் ஏற்றுகிறது, நூலகம் வரை விடுகிறது. வீட்டு மேசையிலிருந்து மட்டும் 23 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை, நாற்காலியை ஓட்டும் ஜாய்ஸ்டிக்குக்கு ஷவர் கேப். நான் நனைந்தேன், அது நனையவில்லை.

செப்டம்பர் 13, சனி

அண்ணன் வந்திருந்தார். எல்லாவற்றையும் தரையிலிருந்து அளந்து எழுதிக் கொடுத்தார். மேசையின் மேல்பரப்பு 76. பலகையின் கனம் 3. பலகைக்கு அடியில் நான்கு பக்கமும் ஓடும் சட்டத்தின் அடிவிளிம்பு 65. என் தொடை 64, ஒரு விரல் நுழையும் இடைவெளி. கைத்தாங்கி 71. ஜாய்ஸ்டிக் குமிழ் 79.

ஆக முழங்கால் போகிறது, கைத்தாங்கி சட்டத்தில் இடிக்கிறது, ஜாய்ஸ்டிக் பலகையிலேயே இடிக்கிறது.

"சட்டத்த இந்தப் பக்கம் அறுத்துடலாம், அரை மணி நேர வேலை" என்றார் அண்ணன். அந்தச் சட்டம்தான் நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அறுத்தால் மேசை ஆடும் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அதில்லை. 1979-இல் சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்துக்குக் குடிவந்தபோது அப்பா வாங்கிய மேசை அது. எனக்காக இந்த வீட்டில் இதுவரை இரண்டு கதவுகளும் ஒரு வாசற்படியும் மாறியிருக்கின்றன. இந்த ஒரு தடவை நாற்காலி மாறட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான்காவது மாடி அங்கிள் மரக்கட்டைகளோடு வந்து மேசையின் கால்களுக்கு அடியில் வைத்தார். 15 சென்டிமீட்டர் உயர்ந்தது. கைத்தாங்கி சட்டத்துக்கு அடியில் சரக்கென்று போய்விட்டது. ஜாய்ஸ்டிக்கும் போனது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் தட்டை வைத்தோம். மேல்பரப்பு 91, என் முழங்கை 71. தோள் இரண்டும் காதுக்கு ஏறின. தட்டு தாடைக்கு நேராக நின்றது. அம்மாவாலும் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

அங்கிள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே, "தா பகுஸ்" (நல்லா இல்லை) என்று கட்டைகளை உருவிக்கொண்டார். அம்மாவும் அவரும் நாற்பது வருடமாக மலாய்தான் பேசிக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அம்மா முறுக்கு டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்.

செப்டம்பர் 17, புதன்

ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் செயல்முறைச் சிகிச்சையாளர்) வந்தார், சின்னப் பெண். வந்ததும் நாற்காலியைப் பார்க்கவில்லை, என்னைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

கைத்தாங்கியை 65-க்குக் கீழே இறக்கிவிடலாமே என்று கேட்டேன். இறக்கிக் காட்டினார். கை கீழே தொங்க, உடம்பு தாங்கலைத் தேடி இடப்பக்கம் சாய்ந்தது. பத்து நிமிடத்தில் இடுப்பு வலி. மெத்தை நம் கனத்தில் அமுங்கிய பிறகு, முழங்கையை மடக்கிவைத்து, அது எங்கே நிற்கிறதோ அதுதான் கைத்தாங்கியின் உயரம் என்றார். அதற்கு மேலே போனால் தோள் தூக்கும், கீழே போனால் முதுகு வளையும். மேசைக்காக உயரத்தில் கைவைக்க வேண்டாம், நீளத்தில் கைவைக்கலாம் என்றார்.

நீளம் எனக்குத் தோன்றவே இல்லை! என்னுடையது முழு நீளம், 14 அங்குலம். மேசைக்கென்றே 10 அங்குலத்தில் குட்டை மெத்தை உண்டாம். முன்பக்கம் 10 சென்டிமீட்டர் மிச்சம். கைத்தாங்கியின் முன்முனையை ஊன்றி எழுந்திருப்பவர்களுக்குக் குட்டை சரிப்படாது, ஊன்ற இடம் இருக்காது. நான் கட்டிலுக்குச் சறுக்குப் பலகையில் மாறுகிறவள், எனக்கு ஒத்துவரும்.

ஆனால் ஜாய்ஸ்டிக்? அதைக் குட்டையாக்க முடியாதே.

செப்டம்பர் 20, சனி

கை இன்னும் நடுங்குகிறது.

உணவங்காடி. ஒரு பக்கம் முக்காலி வைக்காத, சக்கர நாற்காலிப் படம் போட்ட மேசை கிடைத்தது. மெதுவாகத்தான் உள்ளே போனேன். பலகைக்கு அடியில் குமிழ் நுழையும் போலிருந்தது. முக்கால்வாசி நுழைந்தது. முன்னால் சாய்ந்த குமிழ் பலகைக்கு அடியில் சிக்கி நிமிரவில்லை, கையை எடுத்தும் நாற்காலி முன்னே போய்க்கொண்டே இருந்தது. மேசை தரையோடு பதித்தது, நகராது. நாற்காலி தள்ளுகிறது, நெஞ்சு அழுந்துகிறது, கோப்பி ஓ மேசை முழுக்க. இடது கையால் துழாவிப் பவர் பட்டனை அமுக்கினேன். மூன்று விநாடி இருக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

இனி மேசைக்கு அருகே வந்ததும் முதலில் பவரை நிறுத்த வேண்டும். எப்போதும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நெஞ்சில் விளிம்பு பதிந்த கோடு. அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பூஜ்யம்! மேசை வயிற்றைத் தொட்டது.

கைத்தாங்கி இரண்டையும் பின்னால் தூக்கி மடக்க முடியும் என்பது தெரிந்ததுதான். பவரை நிறுத்தி, வலது கைத்தாங்கியை அம்மா தூக்கிவிட, இடதை நான் தூக்க, நாற்காலியை அண்ணன் பின்னாலிருந்து மேசைக்குத் தள்ளினார். ரசம் சாதம். ஒரு சொட்டுகூட மணிக்கட்டைத் தாண்டவில்லை. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அண்ணன் கிளம்பிப் போனார். அம்மா குளிக்கப் போனார். கூடத்தில் என் தொலைபேசி அடித்தது. ஜாய்ஸ்டிக் என் வலது தோளுக்குப் பின்னால், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோள் அவ்வளவு தூரம் திரும்பாது. கை எட்டியிருந்தாலும் கைத்தாங்கி கீழே இறங்க மேசை விடாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அம்மா வந்த பிறகும் பயனில்லை. பின்னால் குனிந்து மோட்டார் நெம்புகோலை விடுவித்தால்தான் நாற்காலியைத் தள்ள முடியும், நாற்காலி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல், அம்மாவுக்கு வயது 78. நான்காவது மாடி அங்கிள் வந்து தள்ள நாற்பது நிமிடம் ஆனது.

எச்சில் கை காய்ந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டு, நாற்பது நிமிடம். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்வது பாதிதான். மற்றவர்கள் தாங்களாக எழுந்துபோகிற மாதிரி நானாகப் பின்வாங்கவும் வேண்டும். இதை ஓ.டி.யிடம் இப்படியே சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ரெட்ஹில் எம்ஆர்டியில் இறங்கி லெங்கோக் பாரு, உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ். ஓ.டி.யும் வந்திருந்தார்.

பார்த்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கைத் தாங்கும் கம்பிக்குப் பதிலாக ஒரு மடங்கு கை. உள்ளங்கையால் வெளிப்பக்கம் ஒரு தள்ளு. "டக்". ஜாய்ஸ்டிக் முன்னாலிருந்து விலகி, கைத்தாங்கியின் வெளிப்பக்கமாகப் பின்னுக்கு வந்து நிற்கிறது. இணையாக இரண்டு கம்பிகள் இருப்பதால், எந்த இடத்தில் நின்றாலும் குமிழ் முன்னோக்கியே பார்க்கிறது. அதாவது விலகி நிற்கும்போதும் முன் என்றால் முன், பின் என்றால் பின். சாப்பிட்டு முடித்து அந்த இடத்திலேயே கையை வைத்துப் பின்வாங்கலாம். பத்துத் தடவை தள்ளிப் பார்த்தேன். டக். டக்.

விலக்கி வைத்தால் நாற்காலி அகலமாகிவிடும், கதவைத் தாண்டும்போது மறக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஓ.டி.

செப்டம்பர் 27, சனி

ஏ.டி.எஃப்., உதவிச் சாதனங்கள் வாங்க அரசாங்கம் தரும் நிதி, தகுதியைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும், வாழ்நாள் வரம்பு 40,000 வெள்ளி. நாற்காலிக்கு எடுத்தது போக எனக்கு மிச்சமிருக்கிறது. இந்தச் சின்ன உதிரிபாகத்துக்காக மறுபடியும் படிவம், மறுபடியும் காத்திருப்பு. தீபாவளிக்கு 23 நாள். கைக்காசு போட்டே வாங்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

23. இந்த எண் என்னை விடாது போல.

அக்டோபர் 2, வியாழன்

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது, கைத்தாங்கி மெத்தையின் தேய்ந்த விளிம்பு அதை அழுத்துகிறது என்றார் ஓ.டி. தொலைபேசியில். புது மெத்தை வரும்வரை துண்டை மடித்துக் கட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

குட்டை மெத்தைகள் வந்துவிட்டன, மடங்கு கை இன்னும் வரவில்லை. மெத்தையை மட்டும் மாட்டி என்ன செய்ய? முன்னால் ஜாய்ஸ்டிக் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருந்தாலும் அங்கிளை மாட்டச் சொன்னேன். அடியில் இரண்டே திருகாணிகள். விளிம்பு உருண்டையாக, மெத்தென்று இருக்கிறது. விரல் மரப்பு இன்று இல்லை.

நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை. தீபாவளிச் சாப்பாட்டு இலை நினைவு. தட்டு என்றால் என் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். வாழையிலையை இழுக்க முடியாது. கூட்டும் பொரியலும் ஊறுகாயும் இலையின் மேல்பாதியில்தான் வைப்பார்கள், எனக்கு அதுதான் இன்னும் தூரம். போன மாதம் சித்தி வீட்டு விசேஷத்தில் கீழ்ப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டு இலையை மூடினேன். நான் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

வந்துவிட்டது!

பொருத்த வந்தவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பாதி நேரம் கேபிளுக்கே போனது. கை விலகும்போது கேபிள் இழுபடக்கூடாது, மடங்கும் இடத்தில் நசுங்கவும் கூடாது. தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டினார். விலக்கி, சேர்த்து, விலக்கி, ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தார். வேலை செய்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

அளந்தேன். 13. இடது கைத்தாங்கியைப் பின்னால் மடக்கி, உடம்பைக் கொஞ்சம் சரித்து உட்கார்ந்தால் 8.

8!

பிறகு அம்மாவைச் சமையலறைக்குப் போகச் சொல்லிவிட்டு, நானாகப் பின்வாங்கினேன். நானாக மறுபடி வந்தேன். ஆறேழு தடவை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரோ என்னவோ, வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

குளியலறைக் கதவில் இடித்துவிட்டேன். உள்ளே இழுக்க மறந்து. கீறல் கதவில்தான்.

அக்டோபர் 18, சனி

தேக்கா சந்தை. நெரிசல். எட்டு இலை வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றை விரித்து, தண்ணீர் தெளித்து, நுனி என் இடப்பக்கம் வருகிற மாதிரி வைத்தார். மேல்பாதியில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் வைத்து, "எட்டுதா பாரு" என்றார்.