போலிஷ் பெண்பால் பன்மை: கடைசி மெய்யைப் பாருங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறேன் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், போலந்து மொழியான போலிஷ் என்றால் மட்டும் "ஏன்?" என்கிறார்கள். அதை விடுங்கள், பன்மைக்கு வருவோம்.

பெண்பால் பெயர்கள் பெரும்பாலும் ஆகாரத்தில் முடியும். பன்மைக்கு அந்த ஆவைக் கழற்றிவிட்டு, அதற்கு முன்னால் நிற்கும் மெய்யைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண வன்மெய் (நம் வல்லினம் அல்ல, நாக்கின் நடு அண்ணத்தை நோக்கி எழாமல் சொல்லும் மெய்) என்றால் கொபியெத்தா (பெண்) கொபியெத்து ஆகும், மாப்பா (வரைபடம்) மாப்பு ஆகும். இந்த உகரத்தை உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள், நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்து ஒலி, வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுலபம். 'பக்கம்' என்ற சொல்லில் வரும் க, 'தங்கம்' என்ற சொல்லில் வரும் க, இவற்றுக்குப் பின்னால் மட்டும் இகரம்: மாத்கா (அம்மா) மாத்கி, நோகா (கால்) நோகி. ச், த்ஸ், ஷ், ன்ய் மாதிரி மெல்லொலிகள் (நம் மெல்லினம் அல்ல, நாக்கின் நடு அண்ணத்தை நோக்கி எழுந்து வருபவை), ஒருகாலத்தில் மெல்லொலியாக இருந்தவை, எல்லாவற்றுக்கும் ஏகாரம்: பாப்ச்சா (பாட்டி) பாப்ச்சே, உலீத்ஸா (வீதி) உலீத்ஸே.

'கை' என்ற சொல் இந்த விதிக்கு அடங்காது. ரென்கா, பன்மையில் ரென்த்ஸே. பழைய போலிஷில் இரண்டு பொருள்களுக்கென்றே இருந்த இருமை வடிவம் அது, இருமை போனாலும் கையில் அது அப்படியே நின்றுவிட்டது. கல் கற்கள் ஆவதை யோசிக்காமல் சொல்கிற நாம் இதற்கு மிரளத் தேவையில்லை.

மெய்யில் முடியும் பெண்பால் சொற்கள்தான் உண்மையான தலைவலி. நோத்ஸ் (இரவு) நோத்ஸே ஆகிறது, ஜெச் (பொருள்) மட்டும் ஜெச்சு ஆகிறது. மனப்பாடம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எண்ணிக்கை. நம்மூரில் "பத்து வீடு" என்று பன்மையே இல்லாமல் தாண்டிவிடலாம், அங்கே நடக்காது. நேரு வீதி, மிஷன் வீதி, பாரதி வீதி, காந்தி வீதி, இரண்டிலிருந்து நான்கு வரை உலீத்ஸே. ரங்கப்பிள்ளை வீதியையும் சேர்த்து ஐந்தாக்கினால் ஆறாம் வேற்றுமைப் பன்மை வந்துவிடும், விகுதியே இல்லாமல் வெறும் உலீத்ஸ். 22, 23, 24 என்றால் மறுபடி உலீத்ஸே, ஆனால் 12, 13, 14 மட்டும் உலீத்ஸ்தான்.