ஞாயித்துக்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டரை வரைக்கும்

அக்கா வீட்டுக்குப் போறதுக்கு காலண்டர் இன்வைட் வரும்னு கிருஷ்ணகிரியில எவனாச்சும் சொல்லியிருந்தா வயிறு வலிக்க சிரிச்சிருப்பேன். வியாழக்கிழமை ஆபீஸ்ல இருக்கேன், மாமா கிட்ட இருந்து மெயில். 'ஃபேமிலி விசிட், ஞாயிறு 10.30 – 12.30'. ஆரம்பிக்கிற நேரம் சரிங்க, முடியற நேரம் எதுக்கு? வரேன்னு அமுக்கிட்டேன், ஆனா அன்னிக்கு பூரா அந்த பன்னெண்டரைதான் மனசுல முள்ளா குத்திட்டு இருந்துச்சு.

மாமா நல்ல மனுஷன். அவரு பொண்ணுக்கு ஒரு மணிக்கு கூடப் படிக்கிற புள்ளையோட பர்த்டே பார்ட்டி, அந்தக் கார்டுலயே நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போட்டிருந்துச்சாம். ஜெர்மனியில இதெல்லாம் சாதாரணம். நானும் இங்க ஸ்டுட்கார்ட்ல செட்டில் ஆனவன்தான், குப்பைய வகைவகையா பிரிச்சுப் போடுறேன், ஞாயித்துக்கிழமை சுவத்துல ட்ரில் போடக்கூடாது, கண்ணாடி பாட்டில கூட கொண்டுபோய் தொட்டியில போடக்கூடாதுன்னு எல்லாம் அத்துப்படி. ஆனா இந்த முடியற நேரம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கல.

ஊர்ல ஞாயித்துக்கிழமை சந்தூர் அத்தை வீட்டுக்குப் போறோம்னா யாரு சொல்லிட்டுப் போனா? அப்பா டிவிஎஸ் 50-ய உதைப்பாரு, முன்னாடி நான் நின்னுக்குவேன், பின்னாடி அம்மா தங்கச்சிய மடியில வெச்சிக்கிட்டு. போச்சம்பள்ளி தாண்டறதுக்குள்ள உயிர் போயிடும், அன்னிக்குத்தான் அங்க சந்தை, ரோடு பூரா ஆடு. வண்டிச் சத்தம் கேட்டதுமே அத்தை உலையில இன்னொரு சொம்பு தண்ணிய ஊத்திடுவாங்க, அவ்ளோதான் விருந்தோம்பல். கெளம்பறதுதான் பெரிய கூத்து. மூணு மணிக்கு அப்பா 'கெளம்பறோம்கா'ன்னு எந்திரிப்பாரு, வண்டிச் சாவி இருக்காது. அத்தை பசங்க அரிசி மூட்டைக்குள்ள சொருகியிருப்பானுங்க. சாவி கெடைச்சா அம்மாவோட ஒரு கால் செருப்பக் காணோம். எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்போ பொழுது சாஞ்சிருக்கும், முன்னாடி நான் நிக்க வேண்டிய எடத்துல மாங்கா மூட்டை, அதுக்கு மேல நான்.

சரி, எங்க விட்டேன்? ஸ்டுட்கார்ட். வெறுங்கையோட போகக்கூடாதேன்னு பழமெல்லாம் சனிக்கிழமையே வாங்கியாச்சு, ஞாயிறு பேக்கரியத் தவிர பாதிக் கடை என்ன, முக்காவாசிக் கடை தெறக்காது. எஸ்லிங்கன் போற எஸ்1 ட்ரெயின்ல எங்க வாண்டுங்க ரெண்டும் ஜன்னலுக்கு சண்டை. அக்கா வீடு மூணாவது மாடி. உள்ள நுழைஞ்சதும் நாலு புள்ளைங்களும் ஹாலுக்கும் ரூமுக்கும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. மாமா, 'ஓடாதீங்கப்பா, கீழ வீட்ல ஆளுங்க இருக்காங்க, ஞாயித்துக்கிழமை'ன்னாரு. சமையக்கட்டுல இருந்து பெரியம்மா, அதாவது அக்காவோட அம்மா, குரல் குடுத்தாங்க: 'ஞாயித்துக்கிழமை ஓடாம பின்ன எப்ப ஓடுங்க?'

இந்த ஊரு சட்டத்துல 2011-லயே, பால்வாடி, பார்க்குல புள்ளைங்க போடுற சத்தத்தை பொதுவா தொந்தரவா எடுத்துக்கக் கூடாதுன்னு திருத்தம் கொண்டுவந்துட்டாங்க. ஆனா அப்பார்ட்மென்ட்ல அத வெச்சு வாதாட முடியுமா, மாமா எல்லாருக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டாரு.

பெரியப்பாவும் பெரியம்மாவும் 90 நாள் விசாவுல வந்திருக்காங்க. காவேரிப்பட்டணம் நிப்பட்டு, கேவுரு மாவு, மாங்கா ஊறுகான்னு பெட்டி நெறய. மாம்பழம் மட்டும் கொண்டுவர முடியல. வாழை, அன்னாசி, தேங்கா, பேரீச்சை, டூரியன் தவிர வேற எந்தப் பழமா இருந்தாலும் பூச்சி நோய் இல்லைன்னு சான்றிதழ் வேணும், 2019 கடைசியில இருந்து அப்படித்தான். 'தோப்புல கொட்டிக் கெடக்குது, பேரப்புள்ளைக்கு ஒண்ணு குடுக்க முடியல'ன்னு பெரியம்மாவுக்கு ஆறல.

அக்கா புள்ளைங்களுக்கு ஜூஸ் போட மாங்கூழ் டின் ஒண்ணு ஒடைச்சா. பெரியப்பா சும்மா இருக்காம டின்ன வாங்கி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, கண்ணுக்குக் கிட்ட வெச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பின்னாடி பொடி எழுத்துல கிருஷ்ணகிரின்னு இருக்கு. ஒரு ஸ்பூன் நாக்குல வெச்சுட்டு, 'நம்ம பெங்களூரா மாங்காதான்டா இது'ன்னாரு. 2025 சீசன்ல கிலோ அஞ்சு ரூபா அளவுக்கு எறங்கி, பறிக்கிற கூலிகூட கட்டாம மரத்துலயே விட்டவங்க கதையெல்லாம் சொன்னாரு. அந்தக் காய்தான் கடல் தாண்டி வந்து, இங்க ஒரு டின்னு என்ன வெலன்னு அக்கா சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அவரே சிரிச்சிட்டாரு, 'எனக்கு விசா கேட்டானுங்க, இதுக்கு கேக்கல பாரு.'

பன்னெண்டேகால். மாமா வாட்ச்ச பாக்குறாரு. நான் ஷூ எடுக்கப் போனா பெரியம்மா அப்பத்தான் கேவுரு மாவ கொதிக்கிற தண்ணியில கொட்றாங்க. கரண்ட் அடுப்பு மேல வெச்சுக் கிண்டினா பாத்திரம் வழுக்குதுன்னு, கிச்சன் தரையில துணிய விரிச்சு, சட்டிய ரெண்டு காலாலயும் அணைச்சுக்கிட்டு, மரக் கரண்டி ஒடைஞ்சிடும் போல கிண்டறாங்க. புள்ளைங்க சுத்தி உக்காந்து வேடிக்கை. மாமா மெதுவா 'அத்தை, இவளுக்கு பார்ட்டி...'ன்னாரு. 'நீங்க போய் விட்டுட்டு வாங்க மாப்ள, வந்த புள்ளைங்க சாப்பிடாம போவாங்களா?'

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பன்னெண்டரைக்கு சரியா வீட்டுக்காரர் கெளம்பிப் போயிட்டாரு, விருந்தாளிங்க நாங்க உக்காந்திருக்கோம். கோழிக் கொழம்புல களி உருண்டைய குழி பண்ணி, மெல்லாம முழுங்கணும்னு என் பையனுக்கு பெரியப்பா பாடம் எடுத்தாரு. அவன் சூயிங்கம் மாதிரி மென்னுக்கிட்டே இருந்தான், மானம் போச்சு.

மாமா திரும்பி வர்றப்போ ஒண்ணே முக்கால். நாங்க கெளம்பலைன்னு பாத்தாரு, கைய கழுவிட்டு வந்து அவரும் தரையில உக்காந்துட்டாரு. அந்த நேரம் பாத்து பெரியப்பா ஊர்ல தோப்பு குத்தகை எடுத்தவருக்கு போன் போட்டாரு, அங்க அஞ்சே கால் மணி இருக்கும், மழை பேஞ்சுச்சா, காய் எறக்கியாச்சா, லோடு ஏத்தறப்போ யாரு கூட இருந்தாங்கன்னு, சந்தூருக்கு நேரடியாவே கேக்கற மாதிரி ஒரு கத்து கத்தறாரு. கீழ் வீட்டுக்கு நிச்சயமா கேட்டிருக்கும். மாமா ஒண்ணுமே சொல்லல. தட்டை நீட்டி இன்னொரு உருண்டை வாங்கிக்கிட்டாரு.