இங்கேயும் உடும்புத் தோல்

தோலைத் தடவியதும் விரலில் பொடிப்பொடி மணிகள் தட்டுப்பட்டன. ஆட்டுத்தோல் இல்லை.

"என்ஸ்வாஸ்வா" என்று சிரித்தார் மேளம் செய்பவர். லுகாண்டா மொழியில் உடும்பு.

உகாண்டாவில், கம்பாலாவிலிருந்து மசாகா போகும் சாலையில் இருக்கிறது ம்பாம்பிரே. சாலையோரம் முழுக்க மேளக் கடைகள். டீ குடிக்க இறங்கியவன் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் தொட்டது எங்கலாபி. இடுப்பைத் தாண்டும் உயரம், ஒரே மரத்தைக் குடைந்தது. மேல்வாயில் மட்டும் தோல், சுற்றிலும் மர ஆணிகள். பக்கத்திலிருந்த குண்டு மேளங்களுக்கு மாட்டுத்தோல். அவை அடிவயிற்றில் முழங்கும். இதை வெறுங்கையால் தட்டினால் சத்தம் சுள்ளென்று கிளம்புகிறது. தோல் அவ்வளவு மெலிசு.

'எங்கலாபிக்குப் போவோம்' என்றால் லுகாண்டா பேசும் பகண்டா மக்களிடம் வேறு பொருள். துக்கத்தை முடித்து வாரிசை அமர்த்தும் சடங்குக்குப் போவோம் என்று அர்த்தமாம். மேளத்தின் பேரே சடங்குக்கும்!

எனக்கோ கஞ்சிரா ஞாபகம் வந்துவிட்டது. அதற்கும் உடும்புத் தோல்தானே. கச்சேரியில் உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவிச் சுருதியை இறக்குவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாற வேண்டியதாயிற்று. பழைய கைகள் இன்னும் முனகும், அந்த நாதம் வரவில்லை என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் உடும்பு பிழைக்கட்டும்.

எங்கள் ஊரிலும் உடும்புத் தோல் வாத்தியம் உண்டு என்று உள்ளங்கையை விரித்து அளவு காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றார். அடுத்த ஆணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.