தர்மபுரி வெயிலுக்கு சுண்ணாம்புத் தண்ணீர்தான்

கால்சியத்துக்கு எந்த முறை நல்லது என்று ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் டேங்க் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆல்கலினிட்டி (கால்சியத்தோடு சேர்த்துப் பவளம் கூடு கட்ட எடுக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) இழுக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அது தெரியாமல் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய் சுண்ணாம்புத் துகளைக் கரைத்துக் கொடுக்கும் ரியாக்டர், கரைசலை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

எதுவும் சேர்க்காமல் சில நாள் ஒரே நேரத்தில் டெஸ்ட் செய்து பாருங்கள். பவளம் கூடு கட்டும்போது கால்சியம் 20 பி.பி.எம். (லிட்டருக்கு சுமார் 20 மில்லிகிராம்) குறைந்தால் ஆல்கலினிட்டி அதன் அளவான டி.கே.எச்.-ல் 2.8 இறங்கிவிடும். கால்சியம் 420-ல் 20 குறைந்தது டெஸ்ட் கிட்டில் சரியாகத் தெரியாது, ஆல்கலினிட்டி 8-ல் 2.8 குறைந்தால் தெரியாமல் போகாது.

கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். என் டேங்கில் இருப்பவை சோவாந்திட் (சுண்ணாம்புக் கூடு கட்டாத, பவளத்தின் உறவினம்), மென்பவளம், பாறையில் படர்ந்த இளஞ்சிவப்பு கோரலைன் பாசி (சுண்ணாம்பு படிந்த கடல்பாசி), அவ்வளவுதான். இவற்றுக்குத் தேவை குறைவு. தண்ணீர் மாற்றுவதோடு சுண்ணாம்புத் தண்ணீரும் இருந்தால் தாராளமாகப் போதும்.

இந்த முறையில் ஆவியாகும் அளவுக்கு மேல் ஊற்ற முடியாது என்று குறை சொல்வார்கள், ஆனால் நம்ம ஊர் கோடையில் தண்ணீர் வற்றும் வேகத்துக்கு அது ஒரு குறையே இல்லை, எப்படியும் தினமும் ஊற்றத்தான் போகிறோம், அதையே சுண்ணாம்பு கலந்து ஊற்றினால் கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கிற அதே விகிதத்தில் உள்ளே போய்விடும். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். ஃப்ளோரைடுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவந்த மாவட்டம் இது, உப்பும் அதிகம். ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டுக் குலுக்கி, மூடி வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவர்ச் சுண்ணாம்பும் ஆகாது, அவற்றில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் எடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே பால் ஏடு மாதிரி ஒரு படலம் மிதக்கும், அவ்வளவும் வீணான கால்சியம். பி.எச். 12-க்கு மேல் இருப்பதால் கையிலும் கண்ணிலும் படக்கூடாது, மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும். இரவில் டேங்கின் பி.எச். இறங்கும், அந்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரண்ட் போய் மோட்டார் நின்றால் சொட்டையும் உடனே அடைத்துவிடுங்கள்.

பவளம் பெருகி, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டும் ஆல்கலினிட்டி இறங்கிக்கொண்டே இருந்தால் டூ-பார்ட்டுக்கு மாறலாம். கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும், சேர்த்து ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்த ரியாக்டர் நம் மாதிரி சின்ன டேங்குக்குத் தேவையே இல்லை.

அப்புறம், எந்த முறையானாலும் மெக்னீசியத்தை 1300 பி.பி.எம். பக்கத்தில் வையுங்கள். அது இறங்கிவிட்டால் நீங்கள் ஊற்றும் கால்சியம் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டரிலும் மோட்டாரிலும் போய்ப் படியும்.