வெப்பத்தில் வைத்த முட்டையின் புரதம்

கோடையில் கடை வாசலில் அட்டை அட்டையாக அடுக்கிக் கிடந்த முட்டையை வாங்கித் தட்டில் உடைத்தால், வெள்ளைக்கரு நீராக ஓடுகிறது. மஞ்சள்கரு குவியாமல் தட்டையாகப் படிகிறது. அதைப் பார்த்ததும் சத்துப் போய்விட்டது என்று வீடுகளில் சொல்வது வழக்கம். அழுகாத முட்டையில் புரதத்தின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. அதன் அமைப்பும் நடத்தையும்தான் மாறுகின்றன.

இட்டவுடன் முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதன் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 7.6. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே அவ்வாயு வெளியேற, சில நாட்களிலேயே அந்த அளவு 9-ஐத் தாண்டிவிடுகிறது. இது குளிர்பெட்டியிலும் நடக்கும். ஆனால், காரமாகிவிட்ட அச்சூழலில் புரதங்களுக்கு நேரும் மாற்றங்களை முடுக்கிவிடுவது வெப்பமே.

முதலில் தெரிவது ஓவோமியூசின் என்ற புரதத்தின் தளர்ச்சி. வெள்ளைக்கருப் புரதத்தில் இதன் பங்கு மூன்று, நான்கு விழுக்காடுதான் என்றாலும், மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள கெட்டியான பகுதியைக் கூழாகப் பிடித்து வைத்திருப்பது இதுவே. 1937-இல் ரேமண்ட் ஹா வகுத்த அளவீடு, அந்தக் கெட்டிப் பகுதியின் உயரத்தையும் முட்டையின் எடையையும் கொண்டே முட்டையின் தரத்தைச் சொல்கிறது.

எனக்கு அதிக வியப்பளிப்பது ஓவால்புமின் என்ற புரதம். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இதுதான். கார நிலையும் வெப்பமும் சேர்ந்து இதைச் சிறிது சிறிதாக எஸ்-ஓவால்புமின் என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. அமினோ அமிலங்களின் வரிசை அப்படியே இருக்க, அவற்றுள் செரின் என்ற வகையில் மூன்று மட்டும் தம் ஆடி பிம்ப வடிவத்துக்குத் திரும்பியிருப்பதைப் படிக ஆய்வு காட்டியிருக்கிறது. இந்தச் சிறு திருப்பத்தால், ஏறத்தாழ 84 டிகிரி செல்சியசில் குலைய வேண்டிய புரதம் 92 டிகிரி வரை தாங்குகிறது. வெப்பத்தால் உறுதியான பொருளாக மாறிய இதே புரதம், வேகவைத்தால் இளகிய கூழையே தருகிறது என்பதுதான் வேடிக்கை. கேக் செய்பவர்களுக்கு இது இழப்பு. அவித்த பழைய முட்டையின் ஓடு எளிதாக உரிவதோ, பி.எச். உயர்ந்ததால் கிடைக்கும் ஆதாயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது மஞ்சள்கருவின் மெல்லிய சவ்வைப் பற்றித்தான். வெப்பத்தில் அது நலிய, வெள்ளைக்கருவிலிருந்து நீர் உள்ளே புகுகிறது. மஞ்சள்கருவின் சத்துகளும் இரும்பும் வெளியே கசிகின்றன. இரும்பைப் பற்றிக்கொண்டு நுண்ணுயிரிகளைப் பட்டினி போடும் ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற வெள்ளைக்கருப் புரதத்தின் காவல் இதனால் வலுவிழப்பதால், உள்ளே சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்தால் அது பெருக வழி பிறக்கிறது. அமெரிக்காவில், இட்ட 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை 7 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பண்ணைகளுக்கு விதி வகுத்திருப்பதன் நோக்கமும் சால்மொனெல்லாவைத் தடுப்பதே. நம் ஊரில் பெரும்பாலான முட்டைகள் அந்தக் குளிரைக் காணாமலேயே கடைக்கு வருகின்றன. ஆகவே கோடையில் ஒரே தடவையில் ஓர் அட்டை முழுவதும் வாங்குவதைவிட, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக் குளிர்பெட்டியின் உள்தட்டில் வைத்து, நன்றாக வேகவைத்து உண்பதே என் வீட்டு வழக்கம்.